காஞ்சிபுரத்திலிருந்து நாலாவது கடிதம்

காஞ்சிபுரத்துக்குப் போகிறவர்கள் பட்டு எடுக்கப் போவார்கள், இல்லாவிட்டால் சாமி கும்பிடப் போவார்கள். நான் மூன்று கடிதங்களைப் பற்றி விசாரிக்கப் போனேன். சொன்னால் யார் நம்புகிறார்கள்? விடுதி வரவேற்பில் இருந்த பெண் மூன்று நாளும் விடாமல் கேட்டாள்: "கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வந்தீங்களா மேடம்?"

விஷயம் இதுதான். எனக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். பிழைப்பு நெதர்லாந்தில், ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில். அறுவைச் சிகிச்சை முடிந்ததும் தையல் போடுகிறார்களே, அந்த நூல் எவ்வளவு இழுத்தால் அறும், ஈரத்தில் எத்தனை நாள் தாங்கும் என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. இந்த வருஷம் ஒரு முனைவர் பட்ட இடம் விழுந்தது. நாலு வருஷம், சம்பளத்தோடு. வந்து குவிந்த விண்ணப்பங்களில் ஒன்று காஞ்சிபுரத்திலிருந்து. பெயர் யுவராணி, எம்.டெக். முடித்தவள், தறிக்காரர் வீட்டுப் பெண்.

விண்ணப்பத்தோடு மூன்று பேரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். அவளுக்கும் மூன்று வந்திருந்தன. மூன்றிலும் ஒரே சமாசாரம்: நேரத்துக்கு வருவார், ஒழுக்கமானவர், கீழ்ப்படிதல் உள்ளவர். தேர்வுக் குழுத் தலைவர் ஹென்க் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "மூன்று பேருக்கும் இவளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, அல்லது மூன்றையும் எழுதியது ஒரே ஆள்" என்றார். அங்கே ஒரு ஆராய்ச்சி மாணவியை 'நேரத்துக்கு வருவாள்' என்று மட்டும் பாராட்டினால், வேறு சரக்கு இல்லை என்று அர்த்தம்.

எனக்குக் காது சுட்டது. எங்கள் ஊர் வழக்கம் எனக்குத் தெரியாதா? வாத்தியாரிடம் கடிதம் கேட்டால், "நீயே எழுதிட்டு வாம்மா, கையெழுத்துப் போடுறேன்" என்பார். தன்னைப் பற்றித் தானே எழுதும்போது எந்தப் பெண் தன்னைக் கெட்டிக்காரி என்று எழுதுவாள்? கை கூசும். நடத்தைச் சான்றிதழ் மாதிரி நாலு வரி எழுதி நீட்டுவாள். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் நானும் அப்படித்தான் எழுதினேன். எனக்கு இடம் கிடைத்தது குருட்டு அதிர்ஷ்டம். இதெல்லாம் தெரிந்த நானே முதல் சுற்றில் யுவராணிக்குக் கடைசி இடம் போட்டிருந்தேன். அந்த வெட்கம்தான் என்னைக் கிளப்பிவிட்டது.

சென்னையில் எனக்கு ஒரு கருத்தரங்கு இருந்தது. அப்படியே காஞ்சிபுரம் போய்க் கடிதம் கொடுத்தவர்களைப் பார்க்கிறேன் என்றேன். ஹென்க் ஒப்புக்கொண்டார், ஆனால் சட்டம் பேசினார். ஒருத்திக்கு ஒரு சலுகை என்றால் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும். ஆகவே விண்ணப்பித்த எல்லோரும், கூட வேலை செய்த ஒருவரிடமிருந்து நாலாவதாக ஒரு கடிதம் தரலாம், வெள்ளிக்கிழமை மாலைக்குள். நான் அந்தப் பெண்ணைப் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது, எந்தக் கடிதத்திலும் கை வைக்கக் கூடாது. மற்றவர்களெல்லாம் நாலாவது ஆளின் பெயரை உடனே அனுப்பினார்கள். யுவராணி மட்டும், "என்னிடம் வேறு யாரும் இல்லை, மூன்றே போதும்" என்று பதில் போட்டாள். தலையில் அடித்துக்கொண்டு வண்டி ஏறினேன்.

புதன்கிழமை காலை. பேருந்து நிலையத்தில் ஆட்டோ பிடித்து, ஓரிக்கை தாண்டி இருக்கிற ஒரு பொறியியல் கல்லூரியின் பெயரைச் சொன்னேன். ஓட்டுநர் பலமாகத் தலையாட்டினார். வண்டி ஒரு பட்டுக் கடை வாசலில் போய் நின்றது.

"கல்லூரிக்குப் போகணும்னு சொன்னேனே!"

"போலாம்மா, காலேஜ் எங்க ஓடிடப் போவுது? ரெண்டு நிமிசம் சும்மா பாத்துட்டு வாங்க. பாக்கறதுக்குக் காசா பணமா?"

கோபத்தில் கத்தினேன். அவர் கொஞ்சமும் அசராமல், "இந்தக் கடை புடிக்கலன்னா இன்னொரு கடை இருக்குதுமா" என்றார். நெதர்லாந்தில் பேருந்து ஒரு நிமிஷம் தாமதமானால் பலகையில் எழுதிப் போட்டு மன்னிப்புக் கேட்பார்கள். இங்கே இரண்டு கடை ஏறி இறங்கி, மூன்றாவதில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, கல்லூரிக்கு முக்கால் மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன். ஒரு நல்ல விஷயம், மூன்றாவது கடையில் மயில் கழுத்து நிறத்தில் ஒரு புடவையைப் பார்த்து வைத்துக்கொண்டேன்.

கல்லூரியில் ஏதோ ஆய்வுக் குழு வரப்போகிறதாம். சுவரெல்லாம் ஈர வண்ணம். துறைத் தலைவர் ஒரு கையில் கோப்பும் இன்னொரு கையில் கைப்பேசியுமாக நின்றார். நல்ல மனிதர், நாற்காலி போட்டு உட்கார வைத்தார்.

"லெட்டரா? நாங்க எங்கம்மா எழுதறோம்? பசங்களே எழுதிக்கினு வருவாங்க. ஒரு பார்வை பாத்துட்டு சைன் பண்ணுவோம். நாப்பது பேருக்கு எழுத நேரம் ஏது?"

"யுவராணியைப் பத்தி நீங்க என்ன சொல்வீங்க சார்?"

"நல்ல பொண்ணு. அடக்கமான பொண்ணு. டயத்துக்கு வருவா."

"ஆராய்ச்சியில?"

"நூலுக்குக் கோட்டிங் குடுத்தா பலம் கூடுதான்னு பாத்தா. கூடலைன்னு வந்துச்சு. என்னா பண்றது, சில ப்ராஜெக்ட் அப்டித்தான்." அதற்குள் வண்ணக்காரர் அறிவிப்புப் பலகையையும் சேர்த்து அடித்துவிட்டார் என்று யாரோ ஓடிவர, அவர் எழுந்து போய்விட்டார். கடிதம் கொடுத்த மற்ற இரண்டு பேரில் ஒருவர் வேலை மாறிப் போயிருந்தார். இன்னொருவர் தொலைபேசியில், "ஹெச்.ஓ.டி. சொன்னதேதான் மேடம்" என்றார்.

சோர்ந்துபோய் வெளியே வந்தேன். ஆய்வகக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளேயிருந்து ஒரு பெண்குரல்: "அண்ணா, எழுதறதுக்கு முன்ன டைம் போட்டியா? டைம் போடாம எழுதுனா அது ரீடிங்கே இல்ல." யாரோ "சரி யுவராணி, சரி" என்றார்கள். படிப்பு முடிந்தும் இங்கேயே தினக்கூலிக்கு உதவியாளராக இருக்கிறாள் போலிருக்கிறது. பார்க்கக் கூடாது என்ற சத்தியம் நினைவுக்கு வர, நாற்பத்தைந்து வயதில், குடிதண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். நீளப் பின்னலும் ரப்பர் செருப்பும் என்னைக் கடந்து போயின. முகம் தெரியவில்லை.

தொட்டிக்குப் பின்னால் ஏற்கெனவே ஒரு ஆள் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். சாயம் போன நீலச் சட்டை, ஒழுங்காகக் கத்தரித்த வெள்ளைத் தாடி. "இன்னாமா, யார்ட்டயாவது மாட்டிக்கினீங்களா?" என்றார்.

அவர்தான் கபூர் பாய், அந்த ஆய்வகத்தின் டெக்னீஷியன். நூலை இழுத்து அறுத்துப் பார்க்கிற பொறி அவர் பொறுப்பில்தான் பதினெட்டு வருஷமாக இருக்கிறது. நான் வந்த காரணத்தைச் சொன்னேன். யுவராணி அடக்கமான பெண் என்று துறைத் தலைவர் சொன்னதையும் சொன்னேன். பாய்க்கு டீ புரையேறிவிட்டது.

"யாரு? யுவராணியா? அடக்கமா?" சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மூணு மாசம் என் உசுர எடுத்துச்சுமா அந்தப் பொண்ணு!"

கதை இதுதான். பூச்சுப் பூசிய பட்டு நூல் அதிகம் தாங்குகிறது என்றுதான் முதலில் கணக்கு வந்ததாம். கட்டுரையே எழுதியாகிவிட்டது. எல்லோருக்கும் சந்தோஷம், யுவராணியைத் தவிர. பழைய நோட்டுகளைப் புரட்டியவள், பூசாத நூலையெல்லாம் பாய் காலையில் சோதித்திருப்பதையும், பூசியதையெல்லாம் சாப்பாட்டுக்கு அப்புறம் சோதித்திருப்பதையும் கண்டுபிடித்தாள். பகல் பன்னிரண்டுக்கு முன்னால் ஏசி போடக் கூடாது என்று அலுவலக உத்தரவு. காலையில் அறையில் ஈரப்பதம், மத்தியானம் காய்ந்த காற்று. ஈரம் பட்டால் பட்டு நூலின் பலம் குறையும். பூச்சு ஒன்றும் செய்யவில்லை. ஏசிதான் செய்தது.

"மழை நாள்ல தறியில பாவு நூல் தொய்யும்னு எங்க வீட்ல சின்னப் புள்ளைக்குக் கூடத் தெரியும் பாய், உங்களுக்குத் தெரியாதான்னு கேட்டுச்சு. எனக்குக் கோவம் வந்துச்சு பாரு! பதினெட்டு வருசத்துல என் ரீடிங் தப்புன்னு ஒருத்தரும் சொன்னதில்ல. பேச்சே நிறுத்திட்டேன். அது வுடல. தினம் காலைல ஏழு மணிக்கு வந்து நிக்கும். கோட்டிங் போட்டத காலைல, போடாதத மத்தியானம். மூணு மாசம். கடைசில என்னா ஆச்சு? அது சொன்னதுதான் சரி. தலைவரு கட்டுரைய வாபஸ் வாங்கிட்டாரு."

எனக்கு அங்கேயே ஒரு ஆட்டம் போடலாம் போல இருந்தது. இந்த மாதிரி ஆளைத்தானே நாங்கள் ஊர் ஊராக வலை போட்டுத் தேடுகிறோம்! "பாய், இதை அப்படியே ஒரு கடிதமா எழுதுங்க" என்றேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. "நான் டிப்ளமோமா. என் லெட்டர யார் படிப்பாங்க?" படிப்பார்கள், கூட வேலை செய்தவராக இருந்தால் போதும் என்றேன். டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். "என் தப்ப நானே எழுதி, கையெழுத்துப் போட்டு, வெளிநாட்டுக்கு அனுப்பணும். ரிட்டையர் ஆவ இன்னும் ரெண்டு வருசம் இருக்குது. யோசிக்கணும்மா." என் கைப்பேசி எண்ணை வாங்கி, நூல் சுற்றிய அட்டை ஒன்றின் பின்னால் எழுதிக்கொண்டார்.

வியாழக்கிழமை முழுக்க அந்தக் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு ஊர் சுற்றினேன். ஓட்டலில் காஞ்சிபுரம் இட்லி கேட்டேன். "இங்க வெறும் இட்லிதான் இருக்குதுமா. காஞ்சிபுரம் இட்லி மெட்ராஸ்ல கேளுங்க" என்றார் பரிமாறியவர். பின்பு மனம் இரங்கி, வரதர் கோயில் பக்கம் போகச் சொன்னார். மிளகும் சீரகமும் சுக்கும் போட்டு, இலை வாசனையோடு, கத்தியால் வெட்டிக் கொடுத்தார்கள். நெதர்லாந்தில் மத்தியானச் சாப்பாடு என்றால் குளிர்ந்த ரொட்டிக்கு நடுவே குளிர்ந்த பாலாடைக்கட்டி. பதினெட்டு வருஷம் அதைத் தின்றவளுக்கு இந்த ஒரு துண்டு இட்லிக்கே கண் கலங்கிவிட்டது. மிளகு காரமும் ஒரு காரணம்.

பெரிய காஞ்சிபுரத்துத் தெருக்களில் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டே நடந்தேன். ஒரு வாசலில் இரண்டு பெண்கள் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அரைகுறையாகப் புரியும். "என் பையனுக்குக் கனடாவில் படிக்க இடம் கிடைத்துவிட்டது" என்றாள் ஒருத்தி. "என் பெண் இன்னும் பதிலுக்காகக் காத்திருக்கிறாள், சாப்பாடே இறங்கவில்லை" என்றாள் மற்றவள். எனக்கும்தான் இறங்கவில்லை. ஏகாம்பரநாதர் கோயிலில் போய் உட்கார்ந்தேன். நான் பெரிய பக்தை இல்லை. ஆனாலும் "அந்த பாய்க்கு நல்ல புத்தி கொடுப்பா" என்று வேண்டிக்கொண்டேன். ஏகாம்பரநாதருக்கு இது புதுமாதிரி வேண்டுதலாகத்தான் இருந்திருக்கும்.

மாலை வரை அழைப்பு வரவில்லை. நான் பயந்தது உண்மை. ஒரு மனிதரை அவருடைய தப்பை எழுதிக் கொடு என்று கேட்க எனக்கு என்ன உரிமை என்றும் தோன்றியது. எழுதாவிட்டால் அந்தப் பெண் ரப்பர் செருப்போடு அதே நடையில் தினக்கூலிக்கு நடந்துகொண்டிருப்பாள் என்றும் தோன்றியது.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குக் கைப்பேசி அடித்தது. "ஜும்மா முடிச்சிட்டு ரெண்டு மணிக்கு வீட்டுக்கு வாங்கமா. சாப்பிட்டுட்டு வராதீங்க."

பாய் வீட்டில் பிரியாணியும் கத்தரிக்காய்ப் பச்சடியும். அவர் மகள் நஸீமா பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்துகிறாள். அப்பா தமிழில் சொல்ல, அவள் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்வதாக ஏற்பாடு. கடிதத்தில் கை வைக்கக் கூடாதல்லவா, நான் கூடத்தில் தட்டோடு உட்கார்ந்துகொண்டேன். கையைத்தான் கட்டலாம், காதைக் கழற்றி வைக்க முடியுமா?

முதலில் யுவராணிக்கு அழைப்பு. அவள் பாய் பெயரைத் தர வேண்டுமே. ஸ்பீக்கரில் போட்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அந்தப் பக்கம் ஒரே சண்டை.

"வேணாம் பாய். அத எழுதுனா உங்களுக்குக் கெட்ட பேரு வரும். அதனாலதான் நான் எங்கயுமே எழுதல."

"எனக்கு இன்னா கெட்ட பேரு? தப்பு பண்ணேன், திருத்திக்கினேன்."

"நாளைக்கு யாராவது உங்கள ஒரு வார்த்தை கேட்டா? வேணாம் பாய். எனக்கு இந்த வேல இல்லன்னா இன்னொண்ணு."

கை கூசி, பயந்து அப்படி எழுதினாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஒரு மனிதரின் மானத்துக்காகத் தன் வாழ்க்கையின் நல்ல காரியத்தையே மறைத்து வைத்திருக்கிறாள், பைத்தியக்காரி.

பாய் குரலை உயர்த்தினார். "யுவராணி! ரெண்டு வருசத்துல ஒரு வாட்டியாச்சும் சொன்ன பேச்ச கேளுமா!"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "சரி பாய்" என்றாள்.

அதற்கப்புறம் கடிதம். நஸீமா உருதுவில் கேட்டாள், அதுவும் எனக்கு அரைகுறையாகப் புரியும்: "அப்பா, 'சண்டை போட்டாள்' என்பதை 'விவாதித்தாள்' என்று போடட்டுமா?" அவரும் உருதுவில் அதட்டினார்: "சண்டை என்றால் சண்டைதான். நான் சொன்னதைப் போடு, அழகு பண்ணாதே."

எல்லாம் முடிந்தது என்று நான் கை கழுவப் போனபோது, கணினி மறுத்துவிட்டது. கடிதம் கொடுப்பவர் சொந்த மின்னஞ்சலில் இருந்து அனுப்பக் கூடாது, நிறுவன முகவரி வேண்டுமாம். கல்லூரியில் பேராசிரியர்களுக்குத்தான் அது உண்டு, டெக்னீஷியனுக்குக் கிடையாது. எனக்கு வந்த கோபத்தில் எங்கள் பல்கலைக்கழகத்தைத் தமிழிலேயே திட்டினேன். பாய் மட்டும் தாடியைத் தடவியபடி, "ஸ்பேர் பார்ட்ஸ் ஆர்டர் போடறதுக்கு மெஷினு பேர்ல ஒரு மெயில் இருக்குதே. அத நான்தான பாக்கறேன்" என்றார். சரி, கடவுச்சொல்? "மெஷினு பின்னால எழுதி வச்சிக்கீறேன்."

நாலரைக்குக் கல்லூரியைப் பூட்டிவிடுவார்கள். பாயின் டி.வி.எஸ். மொபெட்டில் பின்னால் தொற்றிக்கொண்டேன். ஒரு ஸ்பீட் பிரேக்கரில் என் ஒரு செருப்பு கழன்று விழுந்தது. "நிறுத்தாதீங்க பாய்!" என்று கத்தினேன். கடந்துபோன ஆட்டோவிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. புதன்கிழமை ஓட்டுநரேதான். "புடவை எடுத்தாச்சாமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஒற்றைச் செருப்போடு ஆய்வகத்துக்குள் நுழைந்தேன். பொறியின் முதுகில் மார்க்கரால் எழுதியிருந்த கடவுச்சொல்லை பாய் குனிந்து படித்தார், எதை அழுத்த வேண்டும் என்று நஸீமா தொலைபேசியில் சொல்லச் சொல்ல ஒற்றை விரலால் தட்டினார். நான் சுவரைப் பார்த்து நின்றேன். நாலு இருபதுக்குத் திரையில் பச்சை அடையாளம் வந்தது. பாய் நாற்காலியில் சாய்ந்து, "அப்பாடா" என்றார். நான் அதையே இன்னும் சத்தமாகச் சொன்னேன். பூட்ட வந்த காவலாளி எங்கள் இருவரையும் சந்தேகத்தோடு பார்த்தார்.

திங்கட்கிழமை நெதர்லாந்தில் கூட்டம். மழை, குளிர், காய்ந்த ரொட்டி. அனுப்பியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'இழுவிசைப் பொறி' என்று இருந்ததைப் பார்த்து, "இயந்திரமே பரிந்துரைக்கிறதா?" என்று ஹென்க் சிரித்தார். பிறகு சத்தமாகப் படித்தார்:

"இந்தப் பெண் சொன்ன பேச்சைக் கேட்க மாட்டாள். மூன்று மாதம் என்னோடு சண்டை போட்டாள். என் வேலையில் தப்பு என்று பதினெட்டு வருஷத்தில் சொன்ன முதல் ஆள் இவள்தான். தப்பு என் மேல்தான் இருந்தது. அவள் வந்தால் உங்களுக்கும் தொந்தரவு. ஆனால் உங்கள் கணக்கு சரியாக இருக்கும்."

ஹென்க் இரண்டாவது முறை, மனதுக்குள் படித்தார். பிறகு நேர்காணல் பட்டியலில் அவள் பெயரைத் தன் கையாலேயே எழுதினார்.

வியாழக்கிழமை திரையில்தான் யுவராணியின் முகத்தை முதல்முறை பார்த்தேன். பயந்த முகம், இறுக்கிப் பின்னிய தலை. கேட்டதற்கெல்லாம் மெதுவாக, சுருக்கமாகப் பதில் சொன்னாள். ஆங்கிலம் தடுக்கிற இடத்தில் நிறுத்தி, மறுபடி தொடங்கினாள். கடைசியில் ஹென்க், "எங்களிடம் கேட்க ஏதாவது இருக்கிறதா?" என்றார்.

"ஒன்றே ஒன்று சார். உங்கள் ஆய்வகத்தில் ஏசி எத்தனை மணிக்குப் போடுவீர்கள்?"

குழுவிலிருந்த நாங்கள் ஐந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். யாருக்கும் தெரியவில்லை. ஹென்க் கட்டட மேலாளரைக் கூப்பிட்டுக் கேட்டார். மின்சாரம் மிச்சப்படுத்த சனி, ஞாயிறு அணைத்துவிடுகிறார்களாம். எங்கள் சனிக்கிழமைச் சோதனைகளையெல்லாம் நினைத்துப் பார்த்தேன். ஹென்க் திரைப் பக்கம் திரும்பி, "உன்னால் எப்போது வர முடியும்?" என்றார்.

அன்றே கபூர் பாயைக் கூப்பிட்டுச் சொன்னேன். அல்லாவுக்கு நன்றி சொன்னார், நஸீமாவைக் கூப்பிட்டுச் சொன்னார், குரல் உடைந்து மூக்கைச் சிந்தினார். வைக்கப்போகிற நேரத்தில், "மேடம், ஒண்ணு சொல்றேன்" என்றார்.

"சொல்லுங்க பாய்."

"அது வர்றதுக்குள்ள உங்க பழைய நோட்டையெல்லாம் எடுத்து ஒரு வாட்டி நீங்களே பாத்துடுங்க."